இரண்டு பேர் மூச்சு

பதினேழாம் அறையின் விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. தாட்சாயணி கட்டுப்பாட்டு அறையின் பலகையைப் பார்த்தபடியே டீயை உறிஞ்சினாள். அந்த அறைக்காரர் கலியமூர்த்தியை இப்போதுதான் கேண்டீனில் பார்த்துவிட்டு வந்திருந்தாள். ஆறிப்போன டீயை முன்னால் வைத்துக்கொண்டு, வாசலையே பார்த்தபடி அவர் உட்கார்ந்திருந்தார். அப்படியானால் அறையில் அவருடைய மனைவி ராஜவேணி மட்டும்தான் இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் இருக்கும் அறையின் விளக்கு பச்சையாகாது. அங்கே ஹீட்டர் ஓடாது. நிலவில் இந்தக் குடியிருப்பு தொடங்கியதிலிருந்து அதுதான் சட்டம்.

"பதினேழுல இன்னொருத்தர் யாரு?" என்றாள்.

காற்றுக் குழாயின் வடிகட்டியைக் கழற்றிக்கொண்டிருந்த வில்வநாதன் திரும்பவில்லை. "வம்பு கேக்கறியா, வேலை கேக்கறியா?"

"வேலைதான்."

"அப்ப சென்சார் கெட்டிருக்கும். போய்ப் பாத்துட்டு வா. வம்பா இருந்தா எங்கிட்டயும் சொல்லு."

வில்வநாதன் அவளுடைய கணவன். இருவருக்கும் ஒரே ஷிப்டு. இங்கே எல்லாத் தம்பதிகளுக்கும் ஒரே ஷிப்டுதான். ஒருவர் வேலைக்குப் போய் மற்றவர் அறையில் தங்கினால் தங்கியவர் விறைத்துப்போவார்.

நிலவின் தென்முனையில், சூரியன் ஒருநாளும் எட்டிப் பார்த்திராத ஒரு பள்ளத்தின் அடியில் அவர்கள் வாழ்ந்தார்கள். தரைக்குள் புதைந்துகிடக்கும் பனியை வெட்டி உருக்குவதுதான் வேலை. சுரங்கம் தெரிந்தவர்கள் வேண்டும் என்று நெய்வேலிப் பக்கத்தில் ஆள் எடுத்தார்கள். வந்தவர்கள் ஊர் வழக்கப்படி குடியிருப்பின் பகுதிகளுக்கு வட்டம் என்று பெயர் வைத்தார்கள். இது நாலாம் வட்டம். ஜன்னல் கிடையாது. நடைபாதையின் இரண்டு பக்கமும் கதவுகள், கதவுகளுக்கு மேலே காற்றுக் குழாய், அதற்கும் மேலே பாறை. பூமியில் இருந்ததில் ஆறில் ஒரு பங்கு எடைதான் இங்கே எல்லோருக்கும். உடம்பு இவ்வளவு லேசாக இருந்தும் ஒருவராலும் எங்கேயும் போக முடியவில்லையே என்று நடக்கும்போதெல்லாம் தாட்சாயணிக்குத் தோன்றும்.

ராஜவேணி கதவை ஒரு சாண் அளவுக்குத்தான் திறந்தாள். சமையல்கூடத்தில் மாவு அரைப்பவள் அவள். கை விரல்கள் எப்போதும் ஊறிப்போய் வெளுத்திருக்கும்.

"என்ன தாட்சா?"

"சென்சார் பாக்கணும்க்கா. உள்ள யாரு?"

"யாருமில்லடி."

"ஹீட்டர் ஓடுதே."

ராஜவேணி நடைபாதையின் இரு கோடியையும் பார்த்தாள். "வந்து தொலை. கதவச் சாத்து."

அறைக்குள் புளிப்பு வாசனை அடித்தது. கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் சென்சார். அதன் கீழே நாற்காலியில் ஓர் எவர்சில்வர் அண்டா. அண்டாவின் வாயில் பழைய புடவையைக் கட்டி, மறுமுனையைக் கூம்பாகச் சுருட்டிச் சென்சாரை மூடியிருந்தாள். தாட்சாயணி புடவையை விலக்கிப் பார்த்தாள். இட்லி மாவு. இங்கே மாவு பொங்கினால் வழியாது. பெரிய காளான்போல நிமிர்ந்து எழுந்து நிற்கும்.

"மாவுக்கும் மூச்சு இருக்கு" என்றாள் ராஜவேணி. "சமையல்கூடத்துல மாவு பொங்கறப்பல்லாம் அந்த மூலை ஹீட்டர் ஓயாம ஓடும். பாத்துக்கிட்டே இருந்தேன். அப்பத்தான் தோணுச்சு."

தாட்சாயணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அக்கா, இது மனுசங்க விடற கரியமில வாயுவ மோந்து பாத்துத்தான் ஆள் இருக்கா இல்லையான்னு முடிவு பண்ணும். மாவு புளிக்கறப்பவும் அதே வாயுதான் வருது. இத்தன படிச்சும் இது எனக்குத் தோணலையே."

"உனக்கு எதுக்குத் தோணும்? உன் வூட்டுக்காரரு எழுந்து போறதில்லையே."

சிரிப்பு நின்றது. தாட்சாயணி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"சண்டை வந்தா அவரு கத்த மாட்டாரு. கை நீட்ட மாட்டாரு" என்றாள் ராஜவேணி. "சட்டைய மாட்டிக்கிட்டு கேண்டீனுக்குப் போயிடுவாரு. அவ்வளவுதான். கொஞ்ச நேரத்துல ஹீட்டர் நிக்கும். மொதல்ல சுவரு குளிரும். அப்புறம் மெத்தை. அப்புறம் பல்லு. நான் எழுந்து போய், அத்தன பேரு டீ குடிக்கற எடத்துல நின்னு, 'வாங்க, வூட்டுக்குப் போலாம்'னு கூப்புடணும். ஒடனே வரமாட்டாரு. 'இரு, டீ ஆறட்டும்'பாரு. ஆறிப்போன டீய வச்சிக்கிட்டு."

"இன்னிக்கு என்ன சண்டை?"

"பூமியில இருக்கற எங்கம்மாகிட்ட பேசற நேரத்த அவரு தங்கச்சிக்குக் குடுத்துட்டாரு. ஏன்னு கேட்டேன்."

"வேற யாரோடயாவது தங்கிக்கலாமேக்கா?"

"யாரோட? இந்த வட்டத்துல ஒத்தை ஆளு யாரு இருக்கா? ஒரு ரூமு காலியா இருக்கா? கல்யாணமாகாத பசங்களக்கூட ரெண்டு ரெண்டா சேத்துக் கட்டி வச்சிருக்காங்க." ராஜவேணி அண்டாவின் புடவையைத் திரும்பச் சரிசெய்தாள். "மாவும் ரொம்ப நேரம் தாங்காது. புளிச்சு முடிஞ்சிடுச்சுன்னா மூச்சு நின்னுடும். அப்புறம் நான் போய் நிக்க வேண்டியதுதான். தாட்சா, எனக்குத் தனி வூடு வேணாம். பிரிச்சு வைக்கச் சொல்லல. அவரு போனா போகட்டும், நான் போய்க் கூப்புடக் கூடாது. அவ்வளவுதான் வேணும். ஒரு ஆளு மூச்சுக்கும் ஹீட்டர் ஓடற மாதிரி மாத்திக் குடேன்."

"அது மேலேர்ந்து வந்த சட்டம்க்கா."

"மேலன்னா எங்க? நாமதான் நிலாவுல இருக்கமே."

கட்டுப்பாட்டு அறைக்குத் திரும்பிய தாட்சாயணி ஹீட்டர்களின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். அந்தப் பக்கத்தை அவள் இதுவரை திறந்ததில்லை. அவளுக்கு முன்னால் இருந்தவரும் திறந்ததில்லை. அணு உலையின் வெந்நீர் குழாய்களில் சுற்றிவந்து காற்றைக் கொஞ்சம் சூடாக்கும். அது மனிதர் தாங்கும் அளவுக்குப் போதாதபோது, ஆள் இருக்கும் அறைகளில் மட்டும் குழாய்க்குள் இருக்கும் மின் ஹீட்டர் சேர்ந்து ஓடும். இரண்டு பேர் என்ற எண்ணை அழித்து ஒன்று என்று போட முடியுமா என்று பார்க்கத்தான் அவள் திறந்தாள்.

அங்கே ஏற்கெனவே ஒன்று என்றுதான் இருந்தது.

அவள் எல்லா அறைகளையும் திறந்து பார்த்தாள். எல்லாவற்றிலும் ஒன்று. அதற்குக் கீழே, வெற்று அறையின் காற்றில் கரியமில வாயு எவ்வளவு இருக்கும் என்று இயந்திரம் முதலில் பழகிக்கொண்ட அளவு இருந்தது. சரக்கு அறைக்கு அது குறைவு. குடியிருக்கும் அறைகளுக்கெல்லாம் அதிகம். ஒரு மனிதனின் மூச்சு எவ்வளவோ அவ்வளவு அதிகம்.

"ஏங்க, நீங்க மொத கப்பல்ல வந்தவருதான? ரூம்ல குடிபுகுந்த அன்னிக்கு என்ன பண்ணீங்க?"

வில்வநாதன் உற்சாகமாக வடிகட்டியைக் கீழே வைத்தான். "ஐயோ, அத ஏன் கேக்கற! ரூமுக்கு ரூம் மின் அடுப்புல பால் காய்ச்சினோம். பால் மாவைக் கரைச்சு. பொங்குச்சு பாரு, முழ உயரத்துக்கு எழுந்து நின்னுச்சு. கீழ எறங்கவே இல்ல. பொம்பளைங்க குலவை போட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் எல்லாரும் பொதுக்கூடத்துக்குப் போயிட்டோம். மெஷின் பழகணும், ஒரு நாள் முழுக்க ரூமெல்லாம் காலியா இருக்கணும்னு சொல்லியிருந்தாங்க."

"எல்லாருமா?"

"எல்லாரும் எப்படிப் போக முடியும்? பால் காய்ச்சின வூட்ட அன்னிக்கே பூட்டிட்டு வருவாங்களா? வூட்டுக்கு ஒருத்தர் போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டு உள்ள படுத்துக்கிட்டாங்க. இன்ஜினியர்கூட கேட்டாரு, எல்லா ரூமும் காலியான்னு. 'காலிதான் சார், தங்கறதுக்கு ஒரு ஆளு மட்டும்'னோம். சரின்னுட்டாரு. அவரு ரூம்லயே அவரு மாமியார்தான் படுத்திருந்தாங்க."

தாட்சாயணி திரையைத் தொட்டாள். "இது அன்னிக்குப் பழகிக்கிட்டது என்ன தெரியுமா? ஒருத்தர் மூச்சு விட்டுக்கிட்டு படுத்திருந்தா அந்த ரூம் காலின்னு."

"புரியல."

"ஒரு ஆளு இருந்தா யாருமில்லன்னு நினைக்குது. ரெண்டு பேர் இருந்தாத்தான் ஒருத்தர் இருக்காங்கன்னு நினைச்சு ஹீட்டர போடுது. நாம அதப் பாத்துட்டு, சிக்கனத்துக்காக மேல இருக்கறவங்க ரெண்டு பேர் சட்டம் போட்டிருக்காங்கன்னு நினைச்சுக்கிட்டோம். அப்படி ஒரு சட்டமே கிடையாது."

வில்வநாதனின் முகத்தில் பால் பொங்கிய சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு மெதுவாக இறங்கியது. அவனோடு அறையில் இருந்தவன் பூமிக்குத் திரும்பிய அதே மாதத்தில் தாட்சாயணியோடு அறையில் இருந்த தோழிக்குக் கல்யாணம் ஆனது. இரண்டு அறைகளில் இரண்டு பேர் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். வட்டமே கூடி அவர்களைச் சேர்த்துவைத்தது. அந்தக் கதையை அவன் விருந்தாளிகளிடம் சிரிக்கச் சிரிக்கச் சொல்வான்.

இப்போது அவன் வடிகட்டியை எடுத்து, ஏற்கெனவே துடைத்த இடத்தையே துடைத்தான்.

நிர்வாகி ஜோதிலிங்கம் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். அவள் முடித்ததும் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் எங்க வூட்டுக்காரருக்கும் சார். ஒரு நாள் எல்லா ரூமையும் காலி பண்ணினா சரியாயிடும். இல்ல ஒவ்வொரு ரூமாக்கூட பண்ணலாம். கரண்டு பத்தாதா?"

"கரண்டு கொட்டிக் கெடக்கு. அது இல்லம்மா." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தண்ட பள்ளத்துல இன்னொரு குடியிருப்பு இருந்துச்சு, கேள்விப்பட்டிருக்கியா? ஆளுக்கு ஒரு ரூமு, ஆளுக்கு ஒரு ஹீட்டரு. மொத வருஷமே மூணு பேரு உடுப்புகூட போடாம வெளிக்கதவத் திறந்துக்கிட்டு நடந்தாங்க. இழுத்து மூடிட்டாங்க. இங்க ஒருத்தர் போகல. ஏன்? யாரையும் தனியா உக்காந்து யோசிக்க விடல இந்தக் குளிரு. ஊர்ல சண்டை போட்டா அம்மா வூடு இருக்கு, இல்லன்னா பஸ் ஸ்டாண்டு இருக்கு. இங்க என்ன இருக்கு? குளிருதான் இங்க பஞ்சாயத்து. தப்பா வந்தாலும் நல்லதா வந்துச்சு. தொடாத."

அவர் சொன்னதைப் பொய் என்று தள்ள அவளால் முடியவில்லை. அந்த மூன்று பேரைப் பற்றி அவளும் கேள்விப்பட்டிருந்தாள். ஆனால் வெளியே வந்து நடைபாதையில் நடந்தபோது, கேண்டீன் வாசலில் ராஜவேணி நிற்பதைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டவளும் அல்ல, திரும்பிவிட்டவளும் அல்ல. கைகளை அக்குளில் சொருகிக்கொண்டு, உதடு நீலம் பாரித்து நின்றிருந்தாள். மாவு புளித்து முடிந்திருக்க வேண்டும். மேசையில் இருந்தவர்கள் கலியமூர்த்தியை முழங்கையால் இடித்து வாசலைக் காட்டினார்கள். அவர் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் சமையல்கூடத்தில், மாவு இயந்திரத்தின் இரைச்சலில், தாட்சாயணி அவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

ராஜவேணி ஊறவைத்த உளுந்துக்குள் கைகளை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "பால் காய்ச்சினப்ப எங்க ரூம்ல படுத்திருந்தது நான்தான் தெரியுமா?" என்றாள் கடைசியில். "அவரு கூடத்துக்குப் போயிட்டாரு. அப்ப அது பழகிக்கிட்டது என் மூச்ச." பிறகு கையை உதறினாள். "ஒரு நாள் ரூம் காலியா இருந்தா போதுமா?"

"ரெண்டு பேருமே உள்ள போகக் கூடாது. நடுவுல யாராச்சும் போனா மறுபடி மொதல்லேர்ந்து."

"நாளைக்கு எங்களுக்கு லீவு. அவர நான் வெளிய அனுப்பறேன்."

"எப்படிக்கா?"

"அவரே போவாரு. எங்கம்மாகிட்ட பேசற நேரத்த மறுபடி கேட்டா போதும்."

அப்படியே நடந்தது. கலியமூர்த்தி சட்டையை மாட்டிக்கொண்டு கேண்டீனுக்குப் போனார். ராஜவேணி கதவைச் சாத்திவிட்டு, சமையல்கூடத்துப் பூண்டு மூட்டையோடு கட்டுப்பாட்டு அறைக்கு வந்து தரையில் உட்கார்ந்தாள். தாட்சாயணி பதினேழாம் அறையைப் பழகும் நிலைக்கு மாற்றினாள். அந்த நிலையில் ஹீட்டர் ஓடாது. பலகையில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

முதலில் ராஜவேணி சிரித்துப் பேசினாள். பிறகு பேச்சு குறைந்தது. பூண்டை உரிக்கும் விரல்கள் நின்று நின்று உரித்தன.

"இந்நேரம் கூப்புடப் போயிருப்பேன்" என்றாள். கொஞ்சம் கழித்து, "பசிக்கும் அவருக்கு" என்றாள். இன்னும் கொஞ்சம் கழித்து எழுந்து கதவுவரைக்கும் போய்விட்டாள்.

"அக்கா!"

"நானா போகலடி. காலு போகுது."

வில்வநாதன் கேண்டீனுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "அண்ணன் நகரல. வாசலையே பாத்துக்கிட்டு இருக்காரு. கூட இருந்தவங்கல்லாம் எழுந்து போயாச்சு. 'வூட்டுக்குப் போங்களேன்'னேன். 'அவ வரட்டும்'னாரு."

"ரூமுக்குப் போயிடுவாரோ?" என்றாள் தாட்சாயணி.

"மாட்டாரு" என்றாள் ராஜவேணி. "அவரா மொதல்ல வந்தா அவரு தோத்துட்டாருன்னு அர்த்தம். அந்த நாற்காலியிலயே தூங்குவாரு, வர மாட்டாரு."

அவர் அந்த நாற்காலியிலேயே தூங்கினார். ராஜவேணி பூண்டு மூட்டையில் சாய்ந்து தூங்கினாள். மஞ்சள் விளக்கு அணைந்ததும் தாட்சாயணி அவளை எழுப்பினாள். ராஜவேணி புடவையைச் சரிசெய்துகொண்டு, நடைபாதையில் தனியாக நடந்துபோனாள். கதவு திறந்து மூடிய ஓசை கேட்டது. தாட்சாயணியும் வில்வநாதனும் பலகையின் முன் அருகருகே நின்றார்கள். சிறிது நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு பதினேழாம் அறையின் விளக்கு பச்சையானது. தலைக்கு மேலே குழாயில் சூடான காற்று ஓடத் தொடங்கும் மெல்லிய இரைச்சல் கேட்டது.

அடுத்த ஷிப்டு தொடங்கும்போது கலியமூர்த்தி வந்தார். தாடையில் நாற்காலியின் தடம் பதிந்திருந்தது. கூடவே நிர்வாகியையும் அழைத்து வந்திருந்தார்.

"மெஷின் ரிப்பேரும்மா" என்றார். "எங்க ரூம்ல யாருமில்லாமயே ஹீட்டர் ஓடுது."

"யாருமில்லையா? அக்கா இல்ல?"

"அவ மட்டும்தான் இருக்கா."

தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. "கட்டிலுக்கு அடியிலகூட பாத்துட்டேன்" என்றார். "ஒருத்தரும் இல்ல. அவ பாட்டுக்குப் போர்வைகூட இல்லாம தூங்கறா. என்னப் பாத்து, 'வந்துட்டீங்களா, கதவச் சாத்துங்க'ன்னுட்டு திரும்பிப் படுத்துக்கிட்டா."

ஜோதிலிங்கம் தாட்சாயணியைப் பார்த்தார். "பழையபடி மாத்தும்மா."

"மாத்தலாம் சார். அதுக்கு அந்த ரூம்ல ஒரு ஆளு தனியா ஒரு நாள் முழுக்க இருக்கணும். பழகற நேரத்துல ஹீட்டர் ஓடாது. உள்ள குளிர்ல உக்காந்திருக்கணும்." அவள் கலியமூர்த்தியின் பக்கம் திரும்பினாள். "யாரு உக்கார்றீங்கண்ணே?"

கலியமூர்த்தி வாயைத் திறந்தார். அவருக்கு அந்தக் குளிர் தெரியாது. அவர் எப்போதும் கேண்டீனில்தான் இருந்திருக்கிறார். இருந்தாலும் அவருடைய கை சட்டையின் மேல் பொத்தானைத் தேடிப் பூட்டிக்கொண்டது.

"அவளையே உக்காரச் சொல்லலாமே" என்றார்.

"போய்ச் சொல்லிப் பாருங்க."

அவர் போகவில்லை. நிர்வாகியைப் பார்த்தார். நிர்வாகி பலகையில் வரிசையாக எரியும் பச்சை விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணக்குப் போடுபவர்போல அவர் உதடு அசைந்தது. தன்னுடைய அறையின் அணைந்திருந்த விளக்குக்கு வந்ததும் கண்களை எடுத்துக்கொண்டார். "இந்த ஒரு ரூமோட நிறுத்திக்க" என்று சொல்லிவிட்டு வெளியேறினார். கலியமூர்த்தி பின்னாலேயே போனார். நடைபாதையில் அவருடைய காலடி ஓசை கேண்டீன் பக்கம் கொஞ்சம் போய், நின்று, திரும்பி, பதினேழாம் அறைவரை வந்தது. கதவு திறக்கும் ஓசை கேட்கவில்லை. தட்டும் ஓசை கேட்டது.

வில்வநாதன் வடிகட்டியைக் குழாய்க்குள் பொருத்தி முடித்தான். கைகளைத் துடைத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"நம்ம ரூம்ல இப்ப யாருமில்லல்ல?"

"நாமதான் இங்க இருக்கமே."

"அப்ப அதையும் பழக்கிடு."

"எதுக்கு? நாம என்ன சண்டையா போட்டோம்?"

"இல்ல." அவன் பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நீ குளிருக்காக வந்தியா, எனக்காக வந்தியான்னு நான் கேட்டதில்ல. நீயும் எங்கிட்ட கேட்டதில்ல. கேட்டாலும் ரெண்டு பேருக்கும் பதில் தெரியாது."

"இப்பத் தெரிஞ்சு என்னங்க பண்றது?"

அவன் பலகையில் தங்கள் அறையின் எண்ணைக் காட்டினான். ஆறு வருடங்களாக அவள் பக்கத்தில் படுக்கும் மனிதன். அவனுடைய முகத்தில் இத்தனை பயத்தை அவள் பார்த்ததில்லை. வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தாள். விரல் தங்கள் அறையின் எண்ணுக்குப் போயிருந்தது.

மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியது. அவர்கள் ஷிப்டு முழுவதும் வேலை பார்த்தார்கள். ஷிப்டு முடிந்ததும் கேண்டீனில் சாப்பிட்டுவிட்டு வந்து, அதே நாற்காலிகளில் உட்கார்ந்து தூங்கி எழுந்தார்கள். அவன் பால் பொங்கிய கதையைப் பாதி சொல்லி நிறுத்தினான். அவள் சிரித்தாள். பிறகு மஞ்சள் அணைந்தது. தங்கள் அறை இனி ஒருவருக்கும் சூடு தரும்.

"நீ போ, நான் வரேன்" என்றான் அவன்.

"நீங்க போங்க" என்றாள் அவள்.

இருவரும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.